தழை வந்த வழி

வேளாண்மைத் துறையின் துண்டறிக்கைகளில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர். பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. அழகான சொற்கள், உழவர் வாயில் எளிதாக நிலைத்துவிட்டவை. தழையை வளர்க்கிற சத்து என்பதால் தழைச்சத்து. ஆனால் நூறாண்டுக்கு முன் ஒரு நஞ்சைக்காரரிடம் வயலுக்குத் தழை போட்டாயிற்றா என்று கேட்டிருந்தால், வண்டியில் வந்து வரப்போரம் இறங்கிய இலையும் கிளையும்தான் அவர் நினைவுக்கு வந்திருக்கும். இன்று தழையின் பெயர் மூட்டையில் வரும் வெள்ளைக் குருணைக்குப் போய்விட்டது. தழையோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்கிய இன்னொன்று உண்டு, அதுதான் கரிமம். அதற்கு உழவர் பேச்சில் ஒரு பெயர் நிலைக்கவே இல்லை. மண் செத்துப்போச்சு, கட்டிப்போச்சு, பிடிப்பே இல்லை என்று, அது இல்லாமல் போனதைச் சொல்லத்தான் நம்மிடம் சொற்கள் இருக்கின்றன.

இந்த இழப்பை நாம் வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்கிறோம். 1960களில் பசுமைப் புரட்சி வந்தது, யூரியா வந்தது, உழவர்கள் எருவை மறந்தார்கள், மண் கெட்டது. இதில் பொய் இல்லை. ஆனால் கதை நடுவிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டு வயல்களுக்குத் தழையும் சாணமும் வண்டலும் வந்து சேர்ந்த வழிகளில் பலவும், யூரியா வருவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே அடைபடத் தொடங்கிவிட்டன. உழவரின் மறதியோ சோம்பலோ அவற்றை அடைக்கவில்லை. காட்டுத் தழை யாருக்கு, ஏரிக்குள் கிடக்கும் மண் யாருக்கு, அறுவடை முடிந்த வயலில் எவருடைய ஆடு படுக்கலாம் என்ற உரிமைகள் மாறின. மண்ணில் கரிமம் குறைந்ததை வெறும் வேதியியலாகப் பார்த்தால் அதற்கான மருந்தையும் புட்டியிலும் மூட்டையிலும்தான் தேடுவோம். என் பார்வையில் அது முதலில் உரிமையின் வரலாறு.

கரிமம் மண்ணுக்குள் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது எளிது. தழையும் சாணமும் மக்கிய மட்கில் ஏறக்குறைய 58 விழுக்காடு கரிமம். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 0.75-க்கு மேலே இருந்தால் அதிகம் என்றும் எழுதுகிறார்கள். நூறு கிலோ மண்ணில் முக்கால் கிலோ இருந்தாலே அது செழித்த மண். அந்த முக்கால் கிலோதான் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிறது, பெய்த மழையை உள்ளே இறக்கிப் பிடித்துவைக்கிறது, நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுகிறது, இட்ட உரம் கரைந்து ஓடிவிடாமல் நிறுத்துகிறது. நம் வெயிலில் அது வேகமாகக் கரையவும் செய்யும். திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. அடுத்தது, உழுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது. கேட்டால் முரண் போலத் தோன்றும். கென்யாவில் மண்ணை ஆராய்ந்த பர்ச் என்ற அறிஞர் 1958-இல் வெளியிட்ட முடிவு இந்த முடிச்சை அவிழ்க்க உதவுகிறது. நன்றாகக் காய்ந்த மண் நனையும்போது நுண்ணுயிர்கள் ஒரேயடியாகப் பெருகி மட்கைச் சிதைக்கின்றன. கரியமில வாயு வெளியேறுகிறது, பயிருக்கு நைட்ரஜன் கிடைக்கிறது. ஆகவே புழுதியைக் காயவிடுவது மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. அந்தப் போகத்துக்கு எரு தேவைப்படாது என்பது உண்மை, எடுத்ததைத் திருப்பி வைக்க எரு வேண்டும் என்பதும் உண்மை. வள்ளுவர் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த உழவறிவு இரண்டையும் கண்ணால் கண்டிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

திருப்பி வைப்பதற்குப் பகுதிக்கொரு வழி இருந்தது. காவிரிப் படுகையில் காடு கிடையாது, மேய்ச்சல் நிலமும் குறைவு. அங்கே கரிமம் காலால் நடந்து வந்தது. தை மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் வருவார்கள். பகலில் அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் மேய்ச்சல், இரவில் பேசிய வயலில் கிடை. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கூலி. கிடை மறிப்பது ஆட்டை அடைத்துவிட்டுத் தூங்கும் வேலை அல்ல. ஒரே இடத்தில் படுத்தால் அங்கே மட்டும் புழுக்கை குவியும். அதனால் நடுச்சாமத்தில் மந்தையை எழுப்பிக் கொஞ்சம் நகர்த்திப் படுக்கவைப்பார்கள். எழுந்த ஆடு முதலில் சிறுநீர் பெய்யும், அந்த நீர் வயலின் இன்னொரு மூலைக்குக் கிடைக்கும். விடிந்ததும் வயலுக்குரியவர் ஏர் கட்டிவிட வேண்டும். வெயில் ஏறவிட்டால் மூக்கில் ஏறும் அந்தக் கார நெடியோடு பாதிச் சத்து காற்றில் போய்விடும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்ற பழமொழி இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறது. ஆட்டுப் புழுக்கையும் நீரும் உடனே பயிருக்கு எட்டும். மாட்டுச் சாணத்தில் நார் அதிகம், அது மெல்ல மக்கி மண்ணிலேயே தங்கும். கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதினார், சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ என்று ஒரு நாவல் எழுதினார். இலக்கியத்தில் இடம்பெறும் அளவுக்கு ஊர்வாழ்வில் ஊறிய ஏற்பாடு அது. உர விற்பனைக் கணக்கிலோ அது ஒரு வரியாகக்கூட வராது.

படுகையின் இன்னொரு வழி கொழுஞ்சி. சம்பா அறுத்த வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தில் முளைத்து, பங்குனி சித்திரை வெயிலைத் தாங்கி, ஆனி ஆடியில் ஆற்றில் தண்ணீர் வரும்போது மடக்கி உழத் தயாராக நிற்கும் செடி. விதையின் தோல் கடினமானது, மெழுகுப் பூச்சுள்ளது. அப்படியே தெளித்தால் பெரும்பகுதி முளைக்காது. மணலோடு சேர்த்துத் தேய்த்துத் தோலைக் கீறிவிட்டுத் தெளிப்பார்கள். ஒருமுறை வேர்கொண்டால் உதிர்ந்த விதையே ஆண்டுதோறும் முளைக்கும். சணப்பையும் தக்கைப்பூண்டும் இதைவிட வேகமாக வளர்ந்து அதிகத் தழை தருபவை. அப்படியிருக்க, படுகைக்காரர்கள் கொழுஞ்சியை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? கொழுஞ்சியில் மாடு விரும்பி வாய் வைக்காது. அறுவடை முடிந்தபின் வயல் வரப்பெல்லாம் ஊர் மாடுகளுக்குத் திறந்த மேய்ச்சல் என்பது எழுதப்படாத பொது உரிமை. அந்த உரிமைக்குள் பிழைக்கக்கூடிய பசுந்தாள் இது. வயலில் எந்தச் செடி வளர்ந்தது என்பதைக்கூட மண்ணின் தன்மை மட்டும் முடிவு செய்யவில்லை, யாருடைய மாடு எங்கே மேயலாம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து நஞ்சைகளுக்கும் உள்நாட்டு ஏரிப்பாசன ஊர்களுக்கும் தழை வெளியிலிருந்து வந்தது. ஆவாரை, எருக்கு, ஆடாதொடை, புங்கு, வேம்பு, பூவரசு, வாகை என்று கைக்கெட்டியதெல்லாம் தழைதான். கட்டுக்கட்டாக வெட்டி, வண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டுவந்து, தொழி உழவு ஓட்டிய சேற்றில் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து அமுக்குவார்கள். முள்ளும் குச்சியும் காலைக் கிழிக்கும். சில நாளில் சேறு குமிழியிட்டு நாறத் தொடங்கும், அந்த நாற்றம் அடங்கிய பிறகுதான் நடவு. புன்செய்க்கு ஏரி வண்டல். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி வண்டியாக வண்டலை அள்ளிச் செம்மண் காட்டில் கொட்டுவார்கள். வண்டலில் கரிமம் மிக அதிகம் என்று சொல்ல முடியாது. அதிலுள்ள களிமண்தான் முக்கியம். மணற்பாங்கான செம்மண்ணில் கரிமம் நிற்காது, களியோடு ஒட்டிக்கொண்டால்தான் நுண்ணுயிர்களின் வாய்க்குத் தப்பி நிலைக்கும். பிறகு போடும் குப்பைக்கு ஒரு பாத்திரம் செய்து வைப்பது போன்றது வண்டல் அடிப்பது. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் இன்னொரு வகை. கிளுவை வேலி கட்டி, கொளுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்த கொறங்காடுகளை மேய்ச்சலுக்கென்றே தனியாக வைத்திருந்தார்கள். அது தனியார் நிலம் என்பதையும், இன்றும் ஓரளவு உயிரோடிருக்கிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகளில் முதலில் அடைபட்டது காடு. 1878-இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதை ஏற்க மறுத்தது. மறுத்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர், கம்பெனிக் காலத்திலிருந்து நிலவரி வசூலித்துவந்த வருவாய் வாரியத்தார். ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அரிது என்றும், அந்த ஊர்களுக்கு அக்காடுகளில் மேய்ச்சலும் தழையும் விறகும் எடுக்கும் உரிமை உண்டு என்றும் 1871-லேயே வாரியம் எழுதியிருந்தது. உழவரிடம் வரி வாங்குகிறவருக்கு உழவின் வேர் எங்கே ஓடுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால் அந்த எதிர்ப்பு நிலைக்கவில்லை. 1882-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனி வனச் சட்டம் வந்தது. காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உரிமை உள்ளவர்கள் வந்து எழுதிக்கொடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், தலைமுறை வழக்கத்தை ஆவணமாகக் காட்டுவது எளிதல்ல. உரிமை மெல்லமெல்லச் சலுகையாயிற்று, சலுகை கட்டணச் சீட்டாயிற்று. 1876 முதல் 78 வரையிலான பஞ்சத்தில் கால்நடைகள் ஏராளமாகச் செத்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழுவம் காலியான சில ஆண்டுகளிலேயே காடும் மூடிக்கொண்டது. குடிகளின் மனக்குறை 1910களின் தொடக்கத்தில் மாகாண அரசே ஒரு வனக் குழுவை அமைத்து விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. அதன் பின்னர்தான் ஒரு பகுதிக் காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன.

உரிமை எழுத்தில் நிலைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு அதே மாகாணத்தில் ஒரு சான்று இருக்கிறது. அன்றைய தென் கன்னட மாவட்டத்தில் சாகுபடி நிலத்தை ஒட்டி 100 கெஜம் வரையுள்ள தீர்வையில்லா நிலம் குமுக்கி என்று ஏற்கப்பட்டது. நிலத்துக்காரர் அதில் தழை எடுக்கலாம், மாடு மேய்க்கலாம். பம்பாய் மாகாணத்தில் இருந்த வட கன்னடத்தில் பெட்டா நிலம் என்ற ஏற்பாடு. ஒரு ஏக்கர் பாக்குத் தோட்டத்துக்கு 9 ஏக்கர் வரை தழைக்காடு ஒதுக்கப்பட்டது. அங்கே பாக்கு மரத்தின் அடியில் தழை போடும் வழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. இந்த ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நஞ்சைகளைப் பார்த்தால்தான், ஒரு வயலுக்கு அதன் வரப்புகளுக்கு வெளியே எவ்வளவு பெரிய நிழல் நிலம் இருந்தது என்பது புரியும். பட்டாவில் ஏறியது வயல் மட்டும்தான். நிழல் நிலம் வனத்துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் புறம்போக்குக் கணக்குக்கும் போயிற்று.

விளைவைப் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்தின் வேதியியல் ஆலோசகர். இந்திய உழவர்களுக்குக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்துவர 1889 இறுதியில் அனுப்பப்பட்டவர். ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றிவிட்டு, 1893-இல் வெளியான அறிக்கையில், உழவர்களின் கவனத்தையும் திறமையையும் மனமாரப் பாராட்டினார். சாணத்தை ஏன் எரிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர் அறியாமை என்ற எளிய விடையைச் சொல்லவில்லை. விறகு கிடைக்கும் ஊர்களில் சாணம் வயலுக்குப் போகிறது, விறகு கிடைக்காத ஊர்களில் அடுப்புக்குப் போகிறது என்று கண்டு, ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்குமான காப்புக்காடு வளர்க்கச் சொன்னார். எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பலேறுவது மண்ணின் வளம் கப்பலேறுவதே என்பதையும் எடுத்துக்காட்டினார். 1926 முதல் 28 வரை விசாரித்த அரச வேளாண் ஆணையம் வரை இந்த ஏற்றுமதிப் பிரச்சினை ஓயவில்லை. தடை விதித்தால் விளைவிப்பவருக்கு விலை குறையும் என்று சொல்லி ஆணையம் அந்த யோசனையைக் கைவிட்டது. சாணம் எரிந்ததும் எலும்பு போனதும் தழை நின்றதும் ஒரே காலத்தில் நடந்தவை.

யூரியாதான் முதல் காரணம் என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சான்று சென்னை மாகாண வேளாண் துறையின் தொடக்ககால அக்கறைகளே. பாரி நிறுவனம் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது 1906-இல். அன்று செயற்கை உரம் பெரும்பாலும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குப் போயிற்று, நெல் வயலுக்கு அது எட்டாத சரக்கு. அதே ஆண்டுகளில்தான் துறை சணப்பை, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி விதைகளைப் பரப்ப முயன்றது. வெளியிலிருந்து தழை தாராளமாக வந்துகொண்டிருந்தால், வயலுக்குள்ளேயே தழை வளர்க்கச் சொல்லி ஓர் அரசுத் துறை ஊர் ஊராகப் போயிருக்காது. தழைத் தட்டுப்பாடு மூட்டைக்கு மூத்தது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்களும் இதே கவலையில் பிறந்தவை. ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும், மற்றவற்றுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் தனித்தனியாகவும் சேர்த்தும். அந்த வயல்களின் தானியத்தை வைத்து, குன்னூரில் ஊட்டச்சத்தை ஆராய்ந்த இராபர்ட் மெக்கரிசனும் கோவையின் வேளாண் வேதியியலர் விசுவநாத்தும் 1926-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாட்டெருவில் விளைந்த தானியத்துக்கு ஊட்டம் அதிகம் என்பது அவர்கள் முடிவு. அது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது, அதை அறுதி உண்மையாக நான் இங்கே வைக்கவில்லை. ஆனால் மண்ணில் போடும் குப்பைக்கும் தட்டில் விழும் சோற்றுக்கும் உள்ள உறவை உலகில் முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் கோவை என்பது பெருமைக்குரியது.

பிறகு நடந்ததை விரைவாகவே சொல்லிவிடலாம். 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. குறுகிய நாளில் விளைந்து உரத்துக்கு ஈடுகொடுக்கும் ஆடுதுறை 27 போன்ற ரகங்கள் வந்தன. இரண்டு போகமும் அதன்பின் உளுந்தும் பயறுமாக வயல் ஓயாமல் வேலை செய்யத் தொடங்கியது. கொழுஞ்சிக்கும் கிடைக்கும் இருந்த கோடை இடைவெளி சுருங்கியது. டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. 1981-இல் ஸ்வீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளுக்குள் கருவேல மரங்கள் நடப்பட்டன. விறகு கிடைத்தது, ஆனால் வண்டி இறங்கி வண்டல் அள்ளிய வழி அடைபட்டது. மிச்சமிருந்த வழிகள் இப்படி அடைபட்டன, ஆனால் காட்டுத் தழை நின்று ஏற்கனவே காலியாகத் தொடங்கிவிட்ட இடத்தில்தான் யூரியா வந்து உட்கார்ந்தது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. காட்டைத் திறந்துவிட்டிருந்தால் தழை வெட்டியே அதை மொட்டையடித்திருப்பார்கள் என்பது ஒன்று. ஊரோரக் குன்றுகள் பல அப்படி மொட்டையானது உண்மை. ஆனால் அதே காலத்தில் இரயில் எஞ்சின்கள் விறகை எரித்து ஓடின, மலைச்சரிவுகள் காப்பித் தோட்டத்துக்காக வெட்டப்பட்டன. காட்டைக் காக்க வேண்டிய தேவை பொதுவானது, தியாகம் மட்டும் வயலிடம் கேட்கப்பட்டது. தவிர, உரிமையோடு பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்க முடியும் என்பதைக் குமுக்கியும் பெட்டாவும் காட்டுகின்றன. நம் வெப்பத்தில் கரிமம் நிற்காது, போடுவது வீண் என்பது இன்னொன்று. குளத்தில் தண்ணீர் நிற்பதில்லை, பாய்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்காக வாய்க்காலை அடைப்பார் உண்டா? மட்கு சிதையும்போதுதான் பயிருக்குச் சத்து வெளிப்படுகிறது, அது சிதைவது குறையாகாது. சிதைவுக்கு ஈடாக வரத்து இருக்கிறதா என்பதே கேள்வி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970களின் தொடக்கத்தில் கோவை உட்படப் பல இடங்களில் ஆரம்பித்த நீண்டகால உரச் சோதனைகளில், தொழு உரம் தொடர்ந்து பெற்ற பாத்திகளின் மண்ணில் கரிமம் கூடுதலாகவே நின்றது. சேற்று வயலில் பச்சைத் தழையை அமுக்கினால் மீத்தேன் அதிகமாக வெளியேறும் என்பதும் சரியான எச்சரிக்கை. நன்கு மக்க வைத்து இடுவதும், வயலை இடையிடையே காய விடுவதும் அதைக் குறைக்கும்.

சோறு பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜன். நல்ல தொழு உரத்தில் நைட்ரஜன் அரை விழுக்காடுதான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடுகட்ட 4 டன் எரு வேண்டும். பழைய வழிகள் திறந்தே இருந்தாலும் இன்றைய மக்கள்தொகைக்கு அவை மட்டும் சோறு போட்டிருக்காது. தழையும் எருவும் இருந்த காலத்தில் பஞ்சமும் இருந்தது. இதை மறுப்பது நேர்மையாகாது, நான் மறுக்கவும் இல்லை. மேலே சொன்ன சோதனைகளில் ஆண்டுக்காண்டு தளராமல் விளைச்சல் தந்தவை தொழு உரமும் செயற்கை உரமும் சேர்ந்து பெற்ற பாத்திகள்தான். யூரியா கொடுப்பது நைட்ரஜன். அதைப் பிடித்துவைக்கும் கரிமத்தை அது கொண்டுவருவதில்லை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டதே தவறு.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது உழைப்பைப் பற்றிய மறுப்பு. அந்தத் தழையை வெட்டிச் சுமந்தவர்கள் யார்? சேற்றில் மிதித்துக் கால் புண்ணானவர்கள் யார்? பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர், பெண்கள். சாணமும் குப்பையும் சிலர் தலையில் மட்டுமே ஏறின. அந்தக் கூலி அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் நின்ற கூலி. கூலி உயர்ந்து, பண்ணையாள் முறை உடைந்தபோது தழை மிதிப்பு நின்றது என்றால், அந்த அளவுக்கு அது நின்றது நல்லதே. பழைய வயலின் மணத்தைப் பாடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் வரலாறு எழுதவில்லை. மண்ணுக்குக் கரிமம் திரும்ப வேண்டும் என்றால் அது மலிவான உடம்புகளின் மேல் ஏறி வரக்கூடாது. நல்லவேளையாக, பசுந்தாளை நறுக்கி மண்ணோடு கலக்க இன்று ரோட்டவேட்டர் இருக்கிறது, வண்டல் அள்ளப் பொக்லைன் இருக்கிறது. கைகளின் பற்றாக்குறை இனிச் சாக்காகாது.

உரிமைச் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. 2017-இல் தமிழக அரசு விதிகளைத் திருத்தி, ஏரி குளங்களின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. முன்னோர் யாரையும் கேட்காமல் அள்ளிய மண்ணுக்கு இப்போது மனுவும் அனுமதியும் உண்டு என்றாலும், அடைத்த வழிகளில் ஒன்றை அரசே திறந்தது பெரிய காரியம். 2024-இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள். கீதாரிகளின் மந்தைகள் குறைந்தாலும் கோடையில் படுகையில் இன்றும் கிடை மறிக்கப்படுகிறது. ஆனால் படுகையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், குத்தகைக்கு உழுகிறவர்களும் ஏராளம். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கும் சட்டம் வந்தது. பெயர் பதிவேட்டில் ஏறாமல் வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகைகள் அதற்குப் பிறகும் தொடர்கின்றன. அப்படி உழுகிறவரிடம் மண்வள அட்டையைக் காட்டி, கரிமம் குறைவு, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுங்கள் என்று அலுவலர் சொல்கிறார். மாட்டெரு மறுவருஷம் என்பது உழுகிறவருக்கும் தெரியும். மறுவருஷம் அந்த வயல் யார் கையில் இருக்கும் என்பது தெரியாது. அவர் அட்டையை மடித்து வைத்துவிட்டு இந்த வருஷத்துக்கான மூட்டையை வாங்கப் போகிறார்.